மாற்றம் செய்யப்பட்ட காருக்குக் காப்பீடு: தங்கவயல் வாகன உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

கோலார் தங்கவயல்: பெட்ரோல் காரில் சிஎன்ஜி கருவி பொருத்தியவர்கள் பலர், அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில்லை. விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும்போதுதான் அதன் விளைவு தெரியவருகிறது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், பதிவுச் சான்றிதழிலும் பாலிசியிலும் உள்ள விவரங்களை வாகனத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அவை பொருந்தாவிட்டால் இழப்பீடு குறைக்கப்படலாம்; கோரிக்கை முழுமையாக நிராகரிக்கப்படவும் கூடும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின், தங்கவயல் மக்களில் பெரும்பகுதியினர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவையே வேலைக்கு நம்பியுள்ளனர். பெரும்பாலோர் ரயிலில் செல்கின்றனர். காரில் சென்று வருவோருக்கு எரிபொருள் செலவே முதல் கவலை என்பதால், சிஎன்ஜி மாற்றம் இங்கு ஆடம்பரம் அன்று.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை உறுதி செய்தது. எனினும், சிஎன்ஜி, எல்பிஜி, மின்கலம் ஆகியவற்றுக்கு மாறுவதை அதே பிரிவு நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது.

எனவே, முதலில் செல்ல வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். கே.ஏ.08 வரிசை தங்கவயலுக்கு உரியது. கருவி அங்கீகரிக்கப்பட்டதாகவும், பொருத்தும் மையம் அனுமதி பெற்றதாகவும் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகை மாற்றப்பட்ட பின், அதன் நகலையும் கருவியின் ரசீதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் அளித்து, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் பெற வேண்டும். அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருப்பது தவறு.

இதற்கான செலவு அஞ்சும் அளவுக்கு இல்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில், கருவி மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு 60 ரூபாயும் கூடுதல் பிரீமியமாகக் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கணக்கில் 50,000 ரூபாய் கருவிக்கு ஆண்டுக்கு 2,060 ரூபாய் ஆகும். இப்போது சொந்தச் சேதப் பிரிவின் விலையை நிறுவனங்களே நிர்ணயிப்பதால், தொகை சற்று மாறுபடும். சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை செய்த சான்றையும் வைத்திருப்பது அவசியம்.

இசைக் கருவி, அலாய் சக்கரம் போன்ற துணைப் பொருட்களின் மதிப்பையும் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டால்தான் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். வண்ணம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் என்பதால், அதை மாற்றினாலும் பதிவு செய்ய வேண்டும். கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012லேயே தடை செய்துவிட்டது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எல்லா மாற்றமும் பிரீமியத்தை உயர்த்துவதில்லை. மாற்றுத்திறனாளிக்காகக் கையால் இயக்கும் வகையில் அமைக்கப்பட்ட காருக்கு, மேற்கண்ட கட்டண விதிகள் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி அளித்தன. பதிவுச் சான்றிதழில் உரிய குறிப்பு இருந்தால் இதைக் கேட்டுப் பெறலாம். பல முகவர்கள் தாமாக இதைச் சொல்வதில்லை.

தமிழகம், ஆந்திரம் இரண்டும் அருகில் இருப்பதால், அங்கிருந்து பழைய கார் வாங்குவோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கும் இனி வாங்கியவரே பதில் சொல்ல வேண்டிவரும். வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும்.

முக்கிய விவரத்தை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்று வாதிட, 150ஆவது பிரிவு நிறுவனத்துக்கு இடமளிக்கிறது. மூன்றாம் தரப்பு வழக்கிலும் இந்த வாதம் எழலாம். அது ஏற்கப்பட்டால், விபத்தில் காயமுற்றவருக்கான தொகை உரிமையாளர் தலையில் விழும்.

தெரிவித்த பின்னரும் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையெனில் அல்லது பதில் திருப்தி அளிக்கவில்லையெனில், பெங்களூருவில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. மாற்றத்தைத் தெரிவித்த கடிதத்தின் ஒப்புகை நகல் அங்கு தேவைப்படும்.