வலைஞர்மடத்தில் நின்றவர்கள்

வன்னியில் விசுவாசம் எண்டு கதைக்க வெளிக்கிட்டால் எல்லாரும் மடு மாதாவில்தான் தொடங்குவார்கள். நாங்கள் முல்லைத்தீவுக் கரைக்கு, வலைஞர்மடத்துக்குப் போகிறோம்.

2009 ஏப்ரலில் அங்கிருந்த கத்தோலிக்க ஆலயத்தைச் சுற்றிச் சனம் தறப்பாளுக்குக் கீழும் பங்கருக்குள்ளும் கிடந்தது. குருக்களும் கன்னியாஸ்திரிகளும் அதே சனத்தோடு இருந்தார்கள். ஆலயம் காப்பாற்றியதா? இல்லை. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து ஒளித்திருந்த இளசுகளைப் புலிகள் உள்ளே புகுந்து கொண்டுபோனார்கள். பிறகு ஷெல்லும் விழுந்தது. கரித்தாஸ் வன்னி கியூடெக் இயக்குநர் வசந்தசீலன் அடிகளார் ஒரு காலை இழந்தார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த ஆறுதல் கதையையும் எங்களால் நம்ப ஏலாது.

உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார் கடைசி மட்டும் சனத்தோடு நின்று, மே 18 அன்று வெளியேறும்போது மாரடைப்பில் இறந்தார். அதே நாள் வட்டுவாகலில், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், சரணடைந்தவர்களுக்காக இராணுவத்தோடு ஆங்கிலத்தில் கதைத்தார். அவர்களோடயே பஸ்ஸில் ஏறினார். அவரை ஏற்றிப்போனதைக் கண்ட சாட்சிகள் உண்டு. திரும்பி வந்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

செபம் ஷெல்லை மறிக்கவில்லை. ஆனால் "சாமி எங்களோட நிக்கிறார்" எண்ட நினைப்பு அந்தச் சனத்துக்கு எவ்வளவு பெரிசு! (சைவச் சனமும் அங்கே "சாமி" எண்டுதான் கூப்பிட்டது.)

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்கும் கணக்கில் ஜோசப் அடிகளாரும் இருக்கிறார்.