சாலை பேசிய வளையம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பழைய சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே ஏறி இறங்கி வளைந்து செல்லும். 1938 பிப்ரவரி 20-இல் மன்னர் சித்திரைத் திருநாள், இச்சாலையிலும் ஓடிய திருவிதாங்கூர் அரசுப் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்த சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில், இறக்குமதியான 60 கோமர் சேஸிகளுக்கு இங்கேயே கூடு கட்டினார்கள்.

பவர் ஸ்டீயரிங் அன்று கிடையாது. விற்பனைக் காரில் அது வந்ததே 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில்தான். ஆகவே பேருந்துக்குப் பெரிய ஸ்டீயரிங் வளையம். நெம்புகோல் போல அது கைக்கு வலுக் கொடுத்தது. நின்ற வண்டியைத் திருப்பினால் தோள் வலிக்கும், ஓடத் தொடங்கினால் பாரம் குறையும். திருப்பத்தில் டயரின் பிடி தளர்வதைக் கை முதலில் உணரும். முன்சக்கரம் திரும்பும் அச்சு சற்றே பின்சாய்ந்திருப்பதால், வளைவு முடிந்ததும் சக்கரம் தானே நேராகும்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் தேடுவதும் வளையம் வழியே சாலை கைக்குச் சொல்லும் இதே சேதியைத்தான். 2011-இல் போர்ஷே 911-இன் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் உதவியை விட்டு மின்மோட்டார் உதவிக்கு மாறியபோது, சாலையின் நுண்ணதிர்வு கைக்கு எட்டவில்லை என்று பலர் முணுமுணுத்தார்கள்.

அந்தப் பழைய நாகர்கோவில் சாலையில், 1956-இல் மாநில எல்லை பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. வளைவுகள் மட்டும் இருபுறமும் தொடர்கின்றன.