விக்கி ஒப்பீட்டில் இல்லாத திருத்த எண்கள்

விக்கிப் பக்கம் ஒன்றின் இரு திருத்தங்களை அருகருகே வைத்து, எது சேர்ந்தது, எது போனது என்று காட்டும் வசதிக்கு 'வேறுபாடு' என்று பெயர். எந்த இரண்டை ஒப்பிட வேண்டும் என்பதற்கான எண்கள் பெரும்பாலும் இணைய முகவரியிலேயே இருக்கும். முகவரியை யாரும் கையால் மாற்றலாம். பழைய இணைப்பை ஆண்டுகள் கழித்தும் யாராவது சொடுக்கலாம். ஆகவே, இல்லாத எண் வந்து சேர்வது அன்றாடம் நடப்பதுதான்.

எண்ணிடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. 1998இல் பீட்டர் தோனி தொடங்கிய டிவிக்கி, பக்கந்தோறும் தனித்தனியே எண்ணுகிறது; ஏழு திருத்தமே கண்ட பக்கத்தில் 9ஐக் கேட்டால் வரம்பு மீறியது உடனே தெரியும். டோக்குவிக்கியில் சேமித்த நேரமே திருத்தத்தின் அடையாளம். மீடியாவிக்கியிலோ விக்கி முழுமைக்கும் ஒரே வரிசை. இந்த மென்பொருளில் இயங்கும் ஆங்கில விக்கிப்பீடியாவில் 2021 சனவரியில் அந்த வரிசை நூறு கோடியைத் தொட்டது. ஒரு பக்கத்தின் அடுத்தடுத்த இரு திருத்தங்களுக்கு நடுவிலுள்ள எண்கள் பெரும்பாலும் பிற பக்கங்களுக்குப் போயிருக்கும். அதனால் எண் பெரிதா சிறிதா என்று பார்த்துப் பயனில்லை. இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். வெளியிலிருந்து இறக்குமதியான பழைய திருத்தமும் புதிய எண்ணையே பெறுவதால், எண்வரிசையைக் காலவரிசை என்றும் நம்ப முடியாது.

தேடிய எண் கிடைக்காவிட்டால் மீடியாவிக்கி ஒப்பீட்டை நிறுத்திவிடுகிறது. நீக்கப்பட்ட பக்கத்துக்கான பழைய இணைப்பாக இருக்கலாம் என்று சொல்லி, நீக்கல் பதிவுக்கு வழிகாட்டுகிறது. பக்கம் மீட்கப்பட்டால் திருத்தங்கள் பழைய எண்களோடே திரும்பும். இணைப்பும் மறுபடி வேலைசெய்யும். ஒப்பிடும் எண்ணாக 0 தந்தால் அது பிழையல்ல, நடப்புத் திருத்தத்தைக் குறிக்கும். முதல் திருத்தத்துக்கு 'முந்தையது' கேட்டால், ஒப்பிட ஏதுமில்லாமல் அது மட்டும் காட்டப்படும்.

எண்ணை அருகிலுள்ள எல்லைக்கு இழுத்துக்கொள்வது இன்னொரு வழி: 9 கேட்டால் 7. பிழைப்பக்கம் வராததால் இது நல்ல உபசரிப்புபோலத் தோன்றும். ஆனால் 7ஐயும் 9ஐயும் ஒப்பிடச் சொன்னவருக்கு 7ஐ 7உடனேயே ஒப்பிட்டு 'வேறுபாடு இல்லை' என்று பதில் வரும். இது பொய்ச் சான்று. மனிதராவது தலைப்பிலுள்ள எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படுவார். தானியங்கி நிரல் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். நிரல்களுக்கான இடைமுகத்திலும் மீடியாவிக்கி இந்தச் சலுகையைத் தருவதில்லை. அந்த எண்ணில் திருத்தமே இல்லை என்று பிழைக்குறியீட்டுடன் திருப்பி அனுப்புகிறது.

மறைக்கப்பட்ட திருத்தம் வேறு வகை. எண் இருக்கும், வரலாற்றில் வரியும் இருக்கும். உள்ளடக்கத்தைப் பார்க்க மட்டும் அனுமதி இராது. அதையும் 'காணவில்லை' என்று சொல்லும் மென்பொருள், பக்கமே நீக்கப்பட்டது என்று படிப்பவரைத் தவறாக எண்ணவிடும்.