பாண்டி எந்தப் பக்கம்?

நாகர்கோவில் வடசேரியில் எண்பது தாண்டிய ஒருவரிடம் "பாண்டி எங்க இருக்கு?" என்று கேட்டால் கை கிழக்கே நீளும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பாண்டி. பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி எல்லாம் அதில் அடக்கம். அங்கிருந்து வருகிறவன் பாண்டிக்காரன். இதே கேள்வியைக் கேரளத்துப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ கேட்டுப் பாருங்கள். கை நம் குமரி மாவட்டத்தை நோக்கித் திரும்பும். களியக்காவிளையில் தொடங்கிச் சென்னை வரை அவர்களுக்கு எல்லாமே பாண்டி. அதில் வடசேரியும் உண்டு, அந்தப் பெரியவரும் உண்டு. (சென்னைக்காரர் 'பாண்டி' என்பது வேறு. அது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வாயில் நுழைந்து பாண்டிச்சேரியாகி, வால் அறுந்து நிற்பது. அதை விட்டுவிடுவோம்.)

ஒரு சொல்லுக்கு இரண்டு திசை எப்படி வந்தது?

சொல் பழையது. அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரோடு பாண்டியரும் வருகிறார்கள். அதாவது கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே வடக்கே தெரிந்த பெயர். வேர் எது என்பதில்தான் வழக்கு. பாணினிக்கு வார்த்திகம் எழுதிய காத்தியாயனர் 'பாண்டு'விலிருந்து 'பாண்டிய' என்ற வடிவத்தை வருவித்தார். அதைப் பிடித்துக்கொண்டு பாண்டவர் வீடு வரை போனவர்கள் உண்டு. மெகஸ்தனிஸ் கிரேக்க வீரன் ஹெராக்ளிசுக்குப் பண்டையா என்றொரு மகளைக் கொடுத்துத் தெற்கை ஆள வைத்தார். நம்மவர்கள் 'பண்டு' என்ற பழமையைச் சொன்னார்கள். பாண்டி என்றால் எருது, அதிலிருந்து வந்தது என்றவர்களும் உண்டு. எனக்கு எதிலும் முழு நம்பிக்கை இல்லை. குலப்பெயரின் வேரைத் தோண்டுகிறவருக்கு அவர் ஏற்கெனவே விரும்பியதுதான் பெரும்பாலும் கிடைக்கிறது.

வேரைவிடச் சொல் நடந்த வழிதான் சுவாரசியம். முதலாம் இராசராசன் பாண்டியரை வென்று அவர்கள் நாட்டுக்குத் தன் பெயரை ஒட்டினான்: இராசராசப் பாண்டி நாடு. சுசீந்திரம் பக்கத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் முகவரி இப்படித்தான் போகிறது: இராசராசப் பாண்டி நாட்டு, உத்தமசோழ வளநாட்டு, நாஞ்சில் நாட்டு, சுந்தரசோழ சதுர்வேதிமங்கலமான சுசீந்திரம். கோட்டாற்றுக்கும் மும்முடிச்சோழன் பேர் வைத்தார்கள். அந்த நாளில் சுசீந்திரத்துக்காரன் தன் ஊரை முழுசாக எழுதினால் முதலில் வருவது பாண்டி நாடு. இன்று கை நீட்டிக் காட்டுகிற பாண்டிக்குள்ளேதான் நாம் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு வேணாட்டரசர் கை ஓங்கியது. நாஞ்சில் நாடு அவர்களுடையதானது. மலை எல்லையானதும் மலைக்கு அப்பால் இருப்பது பாண்டி என்று ஆகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படை ஆரல்வாய்மொழி வழியாக இறங்கி வந்து வயல்களை அழித்தது. கணியாகுளத்துப் போரில் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை மடிந்தார். அவர் கதை வில்லுப்பாட்டில் நின்றுவிட்டது. நாயக்கர்கள் தெலுங்கர்கள், பாண்டியர் அதற்குள் தென்காசிப் பக்கம் ஒடுங்கிப் போயிருந்தார்கள். ஆனால் ஊர் வாய்க்கு இந்த விவரமெல்லாம் வேண்டுமா? மலை தாண்டி வந்தால் பாண்டி. பயமும் வெறுப்பும் இந்தச் சொல்லில் ஏறியது இந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆரல்வாய்மொழி அதன்பின் வெறும் கணவாயாக இல்லை. வேணாடு வளர்ந்து உருவான திருவிதாங்கூர் அங்கே கோட்டைச் சுவர் எழுப்பியது. வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை அந்தச் சுவரைத்தான் ஏறிப் பிடித்தது. போர் முடிந்து சுங்கச் சாவடி நிலைத்தது. கிழக்கேயிருந்து வரும் வண்டியில் வைக்கோலுக்குள் புகையிலை இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பார்கள். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு உடன்பாடு ஏற்பட்டுப் பல சரக்குகளுக்குச் சுங்கம் நீங்கியது. ஆனாலும் சில்லறை வேறாகவே இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை விற்றவன் பணகுடியில் மாடு பிடிக்கப் போனால் ரூபாய்க்கு அரைச் சக்கரம், அதாவது எட்டுக் காசு, கூடக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். கடிதமும் அப்படியே. கொல்லத்துக்கு எழுதினால் அஞ்சல், திருநெல்வேலிக்கு எழுதினால் தபால். அஞ்சல் என்பது திருவிதாங்கூர் அரசின் சொந்தத் தபால். தனி முத்திரை, தனி ஓட்டக்காரர்கள். 1951 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அது இந்தியத் தபாலோடு கலந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று தமிழ்நாடு முழுக்க 'அஞ்சல் துறை' என்றுதான் பலகை.

இந்த எல்லைதான் 1956 நவம்பர் 1-ஆம் தேதி, கொல்லம் ஆண்டு 1132-இல், மேற்கே நகர்ந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் நேசமணியும் தமிழகத்தோடு இணைய நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, ஃபசல் அலி ஆணையத்தின் அறிக்கை எல்லாம் நம் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலிக்குப் போனது. யாரும் வீட்டைவிட்டு நகரவில்லை. ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை களியக்காவிளைக்குப் போய்விட்டது. அதனோடு 'பாண்டி'யும் போய் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து முகத்துக்கு முன்னால் வந்து நின்றது.

இதன் அன்றாட விளைவுகளை இணைப்பு விழா மேடைகளில் யாரும் பேசுவதில்லை. தமிழோடு சேர்ந்தது சரிதான், எனக்கு அதில் மறுபேச்சில்லை. ஆனால் எழுபது கிலோமீட்டரில் இருந்த தலைநகர் எழுநூறு கிலோமீட்டருக்குப் போனது. ஒரு மேல்முறையீட்டுக்குச் சென்னை வரை ரயிலேற வேண்டியிருந்தது. 2004-இல் மதுரைக் கிளை வந்த பிறகுதான் வக்கீல்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் மூச்சு வந்தது. பெரிய வியாதி என்றால் இன்றைக்கும் நம் கால் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறது. நம் ரயில் பாதைகளும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருந்துவந்திருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில், சாவி கேரளத் தொல்லியல் துறையிடம். நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும்போது களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். சாமிக்கு எல்லையில் வணக்கம், ஆசாமிக்குச் சோதனை. கோயில் பங்கு பிரித்ததோ அரசியலமைப்புச் சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. 290-ஏ பிரிவின்படி திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்குக் கேரளம் ஆண்டுக்கு 46.5 லட்சம், நம் பக்கம் வந்த கோயில்களுக்குத் தமிழ்நாடு 13.5 லட்சம். பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரியே இருக்கும், படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் கனமானது நெய்யாற்றுச் சானல். ஒரே அரசாக இருந்தபோது போட்ட திட்டம். இடதுகரைச் சானல் விளவங்கோட்டுக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. ஒன்பதாயிரத்து இருநூறு ஏக்கர் அதை நம்பியிருந்தது. 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு எங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு, இதில் உங்களுக்கு உரிமை எங்கே என்பது அவர்கள் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு தாலுகா எந்த மாநிலம் என்ற தீர்மானம், அரை நூற்றாண்டு கழித்து ஒரு விவசாயியின் நெல்லை மரச்சீனியும் ரப்பரும் ஆக்குகிறது. இப்படி ஒரு விளைவை 1956-இல் கொடி பிடித்தவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள், எதிர்த்தவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

களியக்காவிளையில் போய் நின்றால் மற்றதெல்லாம் கண்ணுக்கே தெரியும். இந்தப் பக்கம் களியக்காவிளை, அந்தப் பக்கம் இஞ்சிவிளை. விளை என்றால் தோப்பு. ஊர்ப் பெயருக்கு எல்லை தெரியவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடையானது. கேரளத்திலோ அரசே நடத்துகிறது. நம் ஆள் சட்டைப்பையில் நூறு ரூபாயோடு நாலு எட்டு நடந்து அதிர்ஷ்டம் வாங்கித் திரும்புகிறான். பெட்ரோல் எந்தப் பக்கம் இரண்டு ரூபாய் குறைவோ அந்தப் பக்கம் பைக்குகள் நிற்கும். நம் ரேஷன் அரிசி இரவில் மூட்டை மூட்டையாக மேற்கே போகிறது; பிடிபட்ட செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் வராத மாதம் அபூர்வம். திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியம் என்று பேரெடுத்த நாஞ்சில் நாட்டிலிருந்து இலவச அரிசி கடத்தப்படுவது எனக்கு ரசிக்கவில்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சந்தி நினைவுக்கு வரும். 2016 ஜூன் 23-இல் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்று வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31-இல் விலகினார்கள். அதற்குப் 'பிரெக்சிட்' என்று வாக்கெடுப்புக்குச் சில வருஷம் முன்பே பேர் வைத்தாயிற்று. அவர்களுக்கும் பெரிய பேச்சு இறையாண்மை. கையில் கிடைத்தது டோவர் துறைமுகத்தில் பாஸ்போர்ட் முத்திரைக்கு வரிசை, ஆறு மாதத்தில் தொண்ணூறு நாளுக்கு மேல் தங்க முடியாத கணக்கு, இங்கிலாந்திலிருந்து வடக்கு அயர்லாந்துக் கடைக்குப் போகும் இறைச்சிக்கும் தோட்டச் செடிக்கும் கூடுதல் காகிதம். நேற்று வரை உள்ளூர்க்காரராக ஸ்பெயினில் வீடு வாங்கிக் குடியிருந்தவர் மறுநாள் 'மூன்றாம் நாட்டவர்'. நம்முடையது ஒரே நாட்டுக்குள் நடந்தது, பாஸ்போர்ட் வேண்டியிருக்கவில்லை. பேர் மாறியது மட்டும் ஒன்றுதான்.

மலையாளத்தில் 'பாண்டி' என்ற பேர் இன்று நன்றாக வேரோடிவிட்டது. தமிழ்நாட்டு லாரி 'பாண்டிலோறி'. 2005-இல் ஒரு சினிமாவுக்கே 'பாண்டிப்பட' என்று பேர். ஆனால் திருச்சூர்ப் பூரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து கொட்டும் இலஞ்சித்தறை மேளம் பாண்டிமேளம். அதற்கு அவர்கள் கை எடுத்துக் கும்பிடுவார்கள். ஒரே சொல்லை மேளத்துக்குப் போட்டால் பெருமை, ஆளுக்குப் போட்டால் இளக்காரம். திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் 'பாண்டி' என்று கேட்ட நம்மூர்ப் பையன் முகம் சுருங்குகிறது. அவனே சென்னைக்குப் படிக்கப் போய், விடுதியில் "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்டால் பக்கத்துக் கட்டில்காரன் "நீ மலையாளியா?" என்கிறான். வெள்ளம் அங்கே ஊரை அடித்துக்கொண்டு போவது, இங்கே தாகத்துக்குக் குடிப்பது.

ஆனால் நமக்கு முறையிட உரிமை கொஞ்சம்தான். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து 'பாண்டி' வந்து விழுவதற்கு முன்னும் பின்னும் நாம் அதைக் கிழக்கே எறிந்துகொண்டுதான் இருந்தோம். நெல்லுக்கு விலை அடித்துப் பேசும் வியாபாரியை, வரப்பில் ஆடு ஓட்டி வருகிறவரை, "பாண்டிக்காரன்ல்லா, அப்படித்தான் இருப்பான்" என்று சொல்லாத வீடு நாஞ்சில் நாட்டில் குறைவு. தமிழ்நாட்டோடு சேர்ந்து எழுபது வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. திருவனந்தபுரத்தில் அது வசையென்றால் தோவாளையிலும் வசைதான்.

இந்தச் சொல்லின் கதை பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. கல்வெட்டுப் பாதியைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை அச்சில் ஏற்றிவிட்டது. மற்றப் பாதி நம் வீட்டுத் தட்டட்டிகளிலும் பழைய தகரப் பெட்டிகளிலும் இருக்கிறது: சக்கரக் கணக்கு எழுதிய குறிப்பேடு, கொல்லம் ஆண்டு போட்ட பிரமாணம், அஞ்சல் முத்திரை விழுந்த கார்டு. வெள்ளையடிக்கும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1132-க்கு முந்தைய தாள் ஏதும் கையில் கிடைத்தால், அதில் பாண்டி என்று வருகிறதா, வந்தால் எந்த ஊரைச் சொல்கிறது என்று பார்த்து, ஒரு வரி குறித்து வையுங்கள்.