கட்டுமரமும் கணவாய்த் தூண்டிலும்

மும்பை கேட்வேயிலிருந்து மாண்டுவாவுக்கு ஓடும் இரட்டைப் படகுகளை ‘கேட்டமரான்’ என்கிறார்கள். அது நம்ம ‘கட்டுமரம்’தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் உண்மையான கட்டுமரம் இரட்டைப் படகு அல்ல. இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை.

“புலால் தொடாத சமணக் குடியில் பிறந்தவர் மீன்பிடியைப் பற்றி எழுதலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்பது வேறு, அறிவது வேறு ஐயா. நாட்டு மருந்துச் சரக்கில் ‘கடல்நுரை’ என்று வருகிறதே, அது நுரையே அல்ல. ஓட்டுக் கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. அந்தச் சரக்கின் மூலத்தைத் தேடப் போய்த்தான் கணவாய்க்கும் கட்டுமரத்துக்கும் வந்து சேர்ந்தேன்.

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் குறித்தார். துறைமுகம் இல்லாத அன்றைய சென்னையில், அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. 1876இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரிலிஸ்’ என்ற இரட்டைப் படகைக் கட்டினார். அந்த வகைப் படகுக்கே பிறகு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கட்டுமரத்தில் ஏறும் அலைநீர் கட்டைகளின் இடுக்கு வழியே தானே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்கவும் மூழ்காது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடலாம்.

விழிஞ்சம் முதல் குமரி வரையிலான கரைகளில் இதிலிருந்து கணவாய்க்குத் தூண்டில் போட்டார்கள். கணவாய்த் தூண்டில் தனி ரகம். இரை தேவையில்லை, இறால் போலவோ சிறுமீன் போலவோ ஒரு பொய்யுரு, அதன் அடியில் மேல்நோக்கிய ஊசிகள் வட்டமாக. மீன்தூண்டிலில் உள்ள எதிர்முள் இதில் கிடையாது. கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்தால் பொய்யுரு துள்ளும். கணவாய் தன் நீண்ட இரு கைகளால் பாய்ந்து பற்றும். அப்புறம் கயிறு தளரவே கூடாது. தளர்ந்தால் கழன்று போய்விடும்! ஜப்பானியரும் தங்கள் எடோ காலத்திலேயே (1603–1868) ‘எகி’ என்ற மர இறாலால் இப்படிப் பிடித்தார்கள்.

ஒரு காலத்தில் மலிவாகப் போன கணவாய், 1970களுக்குப் பின் ஏற்றுமதிச் சரக்காயிற்று. விசைப்படகின் இழுவலை குஞ்சு, சினை என்று பாராமல் வாரியது. 1980களில் ஒட்டுப்பலகைப் படகும், 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகும் பரவ, கட்டுமரம் கரையில் ஒதுங்கியது. பாதுகாப்பும் வேகமும் வேண்டிய உழைப்பாளியை நாம் குறை சொல்ல முடியாது.

கொலை கொலைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இல்லறத்தாருக்கு எங்கள் சமயம் ‘பொருள் வரைதல்’ என்றும் ஒரு விரதம் சொல்கிறது. இவ்வளவு போதும் என்று எல்லை போட்டுக்கொள்வது. ஒரு கை, ஒரு கயிறு, ஒரு நேரத்தில் ஒரு கணவாய் என்று கடலுக்குப் போனவனின் தொழிலில் அந்த எல்லை தானாகவே அமைந்திருந்தது. வியாபாரியான எனக்கே இது பாடம். அடுத்த முறை மாண்டுவாவுக்குப் படகேறும்போது, பெயரோடு இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.