555 புத்தகம்

உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம். அட்டையில் 555 என்ற எண். மலேசியாவில் பழைய மளிகைக் கடைகளுக்குப் போனவர்களுக்கு அதை நல்லாவே தெரியும். அரிசி, சாடின் டின், மண்ணெண்ணெய் என்று கடனுக்கு வாங்கியதையெல்லாம் கடைக்காரர் அதில் எழுதுவார். சம்பளம் வந்ததும் கூட்டிப் பார்த்துக் கட்டணும்.

'ஆசையை அடக்கு, தேவையா என்று யோசித்து வாங்கு' என்று இன்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் புத்தகந்தான் ஞாபகம் வருது. 'தோட்டத்து ஆளுக்குச் சேமிக்கத் தெரியாது' என்ற பேச்சும் கூடவே வருது. நம் வரலாறு அவ்வளவு எளிமையானதா?

கங்காணி வழியாக வந்த பலர் ஊரிலேயே முன்பணம் வாங்கி, கடனோடுதான் கப்பலேறினார்கள். டவுன் தூரம், பக்கத்தில் ஒரே கடை. சில தோட்டங்களில் அந்தக் கடையும் கங்காணியுடையது. 1920களின் இறுதியில் முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல், பொருளாதார மந்தத்தின்போது, அது 40, 32 என்று இறங்கியது. இதில் எதைச் சேமிப்பது? மழையில் மரம் வெட்ட முடியாத நாள்களில் அடுப்பு எரிந்ததே கடைக்காரர் கொடுத்த கடனில்தான்.

கள்ளு வேறு கதை. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அனுமதி கொடுத்தது அரசாங்கம். நிர்வாகம் கொடுத்த கூலியில் ஒரு பங்கு அங்கே கரைந்தது. குடிக்காதே என்று புத்தி சொல்ல ஆள்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1941இல், ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில், தொழிலாளர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். கூலி உயர்வு வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லக் கூடாது என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் சேர்த்தார்கள். என்னைப் பொறுத்தவரை, நம் சிக்கன வரலாற்றின் முக்கியமான வாசகம் அதுதான். மனசைக் கட்டுப்படுத்து என்று தொழிலாளியிடம் சொல்லாமல், கடையை எடு என்று முதலாளியிடம் சொன்னார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் கூறு போடப்பட, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். பத்து வெள்ளி என்பது அன்று சில நாள் கூலி. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்தான் கொடுத்தார்கள். மறு வருஷம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. காசு எங்கே போகிறது என்று தெரிந்தபோது, அது தங்கள் காலடி மண்ணுக்கே போகிறது என்று நம்பியபோது, கை தானாகச் சுருங்கியது.

இப்போ கடை நம் சட்டைப்பைக்குள் இருக்கு. 2009இல் சீனாவில் ஆரம்பித்த 11.11 விற்பனை இங்கே மாசாமாசம் 9.9, 10.10 என்று வருது. 'இப்ப வாங்கு, அப்புறம் கட்டு' என்பதும் 555தான். ஆனால் பழைய கடைக்காரருக்கு நம்ம முகம் தெரியும். கடன் ஏறினால், 'போதும்மா, முதல்ல பழசக் கட்டு' என்று அவரே நிறுத்துவார். இந்தப் புதுப் புத்தகம், ஒழுங்காகக் கட்டினால் கடன் வரம்பை ஏற்றிவிடுது.

செலவைக் குறைக்க நான் வைராக்கியத்தை நம்புவதில்லை. கைப்பேசிச் செயலிகளிலிருந்து வங்கி அட்டையை எடுத்துவிட்டேன், விற்பனை அறிவிப்புகளை நிறுத்திவிட்டேன். என்னளவில் கள்ளுக்கடையை மூடுவது இதுதான். கணக்கையும் நானே எழுதுகிறேன். விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு: இது வேணும்னு முதலில் சொன்னது யார்? பாதி வரிகளில் அந்த இடத்தில் என் பெயர் இல்லை.