மந்திரி மாறினா மாத்திரை மாறுமா?

1/ இலாகா மாற்றம், மந்திரி சபை மாற்றம், ஆட்சி மாற்றம்... டிவியில் எது ஓடினாலும் ஓபியில் எங்களிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "சார், இந்த கார்டு இனிமே செல்லுமா? சுகர் மாத்திரை இங்கயே குடுப்பீங்களா?"

யாருக்கு எந்த இலாகான்னு மீம் போடுறவங்களுக்கு இது சின்ன கேள்வியா தெரியலாம். மாசா மாசம் மாத்திரை வாங்குறவங்களுக்கு அரசியல்னா இதுதான். பதில் நம்ம வரலாற்றிலேயே இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ 1937. சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைகிறது. பொது சுகாதாரத்துக்கு அமைச்சர் ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் தி.சே.சௌ. ராஜன். அரசியலுக்கு வந்தும் வைத்தியம் மறக்காத மனிதர்.

அந்த அமைச்சரவை காலத்தில் வந்ததுதான் 1939ஆம் ஆண்டு சென்னை பொது சுகாதாரச் சட்டம். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் கண்டால் தகவல் சொல்வது, சுகாதார அதிகாரிக்கு என்ன அதிகாரம் என்று எல்லாம் எழுத்தில் வந்தது.

3/ அதே 1939இல் உலகப் போர். இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. அக்டோபர் கடைசியில் ராஜாஜி அமைச்சரவையும் போச்சு. அதன்பின் 1946 வரை கவர்னர் ஆட்சி.

மந்திரி போனார். சட்டம் போகல. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பொது சுகாதாரத் துறை அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்குது.

4/ திருவண்ணாமலைக்காரங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அந்தச் சட்டத்தில் திருவிழாக்களுக்கு என்றே தனி அத்தியாயம் உண்டு. காரணம் காலரா. கூட்டம் கூடுகிற இடத்தில் ஒரு கிணறு கெட்டால் போதும், ஊருக்குத் திரும்புகிற பக்தரோடு நோயும் ஊர் ஊராகப் போகும்.

இப்போ தீபத்துக்குப் பல லட்சம் பேர் வர்றாங்க. தண்ணித் தொட்டியில் குளோரின் பார்க்கிறதும், கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் போடுறதும் அன்றைக்கு யார் மந்திரி என்பதைப் பொறுத்து நடக்கிறதில்ல.

5/ அடுத்து மாத்திரைக்கு வருவோம். 1994, ஜெயலலிதா ஆட்சி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தை மாநிலம் முழுக்க ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குவது, ஆய்வகத்தில் சோதிப்பது, மாவட்டக் கிடங்கில் வைத்து அனுப்புவது இதன் வேலை.

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் இருக்கிற தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கலாம். பேங்க் கணக்கு மாதிரிதான்.

6/ 1996இல் ஆட்சி மாறியது. 2001இல் மறுபடி. 2006, 2011, 2021 என்று வரிசையா மாறியது. இதில் ஒருத்தர்கூட இந்தக் கழகத்தை மூடல. பின்னாடி கேரளாவும் ராஜஸ்தானும் இதே வழியில் தங்களுக்கென்று கழகம் அமைச்சுக்கிட்டாங்க.

ஏன் மூடல? அது எந்தத் தலைவர் பெயரிலும் இல்ல. நிறுத்தினா அடுத்த மாசமே எல்லா ஆஸ்பத்திரியிலும் மருந்து கவுண்டர் காலியாகும். அந்தக் கோபத்தைச் சம்பாதிக்க எந்த அரசும் தயாரா இல்ல.

7/ இப்போ கார்டு கதை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2011 மே மாதம் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 அன்றுதான் தொடங்கியது.

புதுசு பெரிய திட்டம்தான், மறுக்கல. ஆனா பழைய கார்டுக்கும் புது கார்டுக்கும் நடுவில் இதய வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருந்த குடும்பத்தை யோசிச்சுப் பாருங்க.

8/ 2021இல் மறுபடி ஆட்சி மாறியது. இந்த முறை காப்பீட்டை நிறுத்தல. வருமான வரம்பை 72,000 ரூபாயில் இருந்து 1,20,000 ரூபாய்க்கு உயர்த்தி அதே திட்டத்தைத் தொடர்ந்தாங்க. பெயரைப் பாருங்க: "முதலமைச்சரின்". அது ஒரு பதவி, ஆள் இல்ல. யார் வந்தாலும் தன்னுடையது என்று சொல்லிக்கலாம்.

2008இல் வந்த 108 ஆம்புலன்ஸும் அப்படித்தான். வெறும் மூன்று எண். அதில் யார் பெயரைத் தேடி அழிக்க முடியும்?

9/ எதிர் உதாரணம்: அம்மா மினி கிளினிக். 2020 டிசம்பரில் தொடங்கியது, மொத்தம் 2,000 என்று அறிவிப்பு. டாக்டர்கள் தற்காலிக நியமனம். 2022 ஜனவரியில் முடிந்தது. பெயருக்காக மூடினாங்க என்று ஒரு தரப்பு, அடித்தளமே இல்லை என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் சண்டை போட்டாங்க.

நான் பார்க்கிறது வேற. நிரந்தரப் பணியிடம் இல்லாத திட்டத்தை மூட ஒரே ஒரு அறிவிப்பு போதும்.

10/ வெளிநாட்டிலும் இதே பாடம்தான். பிரிட்டனில் இலவச தேசிய மருத்துவ சேவையை 1948இல் கொண்டு வந்தது தொழிலாளர் கட்சி. 1951இல் எதிர்க்கட்சியான சர்ச்சில் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர்களும் அதைக் கலைக்கல. மூணே வருஷத்தில் அது மக்களின் உரிமையா மாறியிருந்தது.

11/ அதனால அடுத்த முறை புது திட்டமோ புது மந்திரியோ வந்தா கைதட்டுங்க, தப்பில்ல. கூடவே நாலு கேள்வி கேளுங்க. இதுக்குச் சட்டமோ அரசாணையோ இருக்கா? பட்ஜெட்டில் வருஷா வருஷம் பணம் உண்டா? பணியிடம் நிரந்தரமா? பழைய திட்டத்தில் பாதி சிகிச்சையில் இருக்கிறவங்களுக்கு என்ன வழி?

நாலாவது கேள்வியை யாருமே கேட்கிறதில்ல. பாதிப்பு முதலில் வர்றது அங்கேதான்.

12/ கடைசியா, டாக்டரா ஒரு வார்த்தை. "கார்டு செல்லாது, மாத்திரை நிறுத்திட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தா, அதை நம்பி பிரஷர், சுகர் மாத்திரையை விட்றாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து கேளுங்க, இல்லைனா 104க்கு போன் பண்ணுங்க. அமைச்சரவை மாறி முடியட்டும் என்று உங்க ரத்த அழுத்தம் காத்திருக்காது.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இதைப் படிச்சுக் காட்டுங்க.